வாசலுக்கு ஓர் ஆவாரஞ்செடி!

நண்பர்களே, முதலில் ஒரு பொது அறிவுக் கேள்வி. தோல் பதனிடுகிறவரின் பெயரைத் தன் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கும் செடி எது? லெதர் டெக்னாலஜி படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், மற்ற பிரிவுக்காரர்களுக்கு ஒரு துப்பு தருகிறேன். வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், மழை முடிந்த மாதங்களில் ரோட்டோரத்து மேட்டைப் பாருங்கள். கல்லும் சரளையுமான இடத்தில், யாரும் தண்ணி ஊற்றாமலே, இடுப்பளவு உயரத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பக்கத்தில் மேய்கிற ஆடுகூட அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் போகும்.

அதுதான் ஆவாரை! இங்கிலீஷில் அதற்கு ‘டானர்ஸ் கேஷியா’ என்று பெயர். டானர் என்றால் தோல் பதனிடுகிறவர். தாவரவியல் புத்தகங்களில் பழைய பெயர் கேஷியா ஆரிகுலேட்டா, இப்போதைய பெயர் சென்னா ஆரிகுலேட்டா.

நம்மில் பல வீடுகளில் சோறு தோலால்தான் வந்தது. அந்தத் தோல் ஒரு காலத்தில் இந்தச் செடியின் பட்டையால் பதமானது. இன்றைக்கோ ஆவாரம்பூவை டீத்தூளாகப் பொட்டலத்தில் காசு கொடுத்து வாங்குகிறோம். வீட்டு முன்னால் ஒரு செடி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? குரோட்டன்ஸ் வைக்கிறோம், ரோஜா வைக்கிறோம். போர் தண்ணியை ஊற்றுகிறோம். மூணாம் மாசம் இலை ஓரமெல்லாம் கருகிப்போகுது. “நம்ம மண்ணே சரியில்லப்பா” என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். பல இடங்களில் மண்ணும் தண்ணியும் கெட்டது உண்மைதான். இந்த வெயிலுக்கும் இந்தக் கல் மண்ணுக்கும் பிறந்ததிலிருந்தே பழகின செடியை நாம் வைத்துப் பார்க்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

பட்டை போய் குரோம் வந்த கதை

செடி வைப்பதற்கு முன் கொஞ்சம் சரித்திரம். (தூங்கிவிடாதீர்கள், பரீட்சையில் வராது.)

பச்சைத் தோல் அழுகும், பதனிட்ட தோல் அழுகாது. நடுவில் நடப்பது என்ன? தோலில் கொல்லாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கின்றன. பட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அந்த நார்களுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பாக்டீரியா வந்தாலும் தின்ன முடியாது. ஆவாரம் பட்டையின் எடையில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் டானின். பட்டையை நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீர்க் குழியில் தோலை வாரக்கணக்கில் போட்டுப் புரட்டுவார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு. ஏன் கடுக்காய்? ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் முதலில் இளமஞ்சளாக லட்சணமாக இருக்கும், வெயில் பட்டால் சிவந்துபோகும். அந்த நிறத்தைக் காப்பாற்றத்தான் கடுக்காய். இப்படிப் பாதி பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரோடு மதராஸ் துறைமுகத்திலிருந்து லண்டன் மார்க்கெட்டுக்குக் கப்பல் ஏறியது. நம்ம கரட்டு மேட்டுச் செடி லண்டன்காரன் காலுக்குச் செருப்பானது!

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. அதில் டானின் அதிகம், சரக்கும் மொத்தமாகக் கிடைத்தது. ஆவாரைக்கு முதல் அடி அதுதான். இன்னொரு பக்கம், 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி மதராஸில் குரோம் முறையைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். சென்னை மின்சார ரயிலில் தாண்டிப்போகிற குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். இருந்தும் நம்ம பக்கம் பட்டை உடனே ஒழிந்துவிடவில்லை. 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுக்க முடித்த தோலாகவும் செருப்பு, ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. அதிலிருந்து குரோம் வேகமாகப் பரவியது. பட்டைத் தோல் சுமார் 80 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிக்கிற தண்ணியையே தாங்கும். வாரக்கணக்கு வேலை ஒரே நாளில் முடிகிறது. எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

அதற்கு விலை கொடுத்தது பாலாறு. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பு சொன்னது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போய்விட்டதென்றும், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலுக்குச் சராசரி 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் நம்ம ஊர் பெயரைச் சொல்லித்தான் படிக்கிறார்கள். பெருமைப்படுவதா, தலை குனிவதா என்று தெரியவில்லை. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு, குழாயில் காவிரித் தண்ணி எப்ப வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

‘அப்போ பழையபடி ஆவாரம் பட்டைக்கே போயிடலாமே’ என்று ஒரு நண்பன் கேட்டான். அவ்வளவு சுலபமில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பும், மயிர் நீக்கப் போடும் சுண்ணாம்பும் பட்டை முறையிலும் உண்டு. நம்ம கிணற்றைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரிய பங்கு. பட்டைக் குழியின் கழிவுத் தண்ணியும் பன்னீர் இல்லை. மேலும், இன்று பதனிடுகிற தோலுக்கெல்லாம் ஆவாரம் பட்டை உரிப்பதென்றால் சுற்றியுள்ள மலைச் சரிவெல்லாம் மொட்டையாகிவிடும். ஆகவே தொழிற்சாலையை விடுங்கள். நான் சொல்ல வந்தது வீட்டு வாசலுக்கு.

காது வைத்த செடி

ஆவாரை என்று நினைத்து வேறு எதையோ வளர்த்துவிடக் கூடாது. மஞ்சள் பூ பூக்கும் சொந்தக்காரர்கள் நிறைய. சரக்கொன்றை இருக்கிறது, ரோட்டோர நிழல் மரமான மஞ்சள் கொன்றை இருக்கிறது, நச்சு விதையுள்ள பேயாவரை இருக்கிறது, பேதி மருந்துக்கு ஏற்றுமதியாகிற நிலாவரை இருக்கிறது. ஆவாரைக்கு ஓர் அடையாளம்: இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மடல் மாதிரி சின்ன இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், உதிராது. ‘ஆரிகுலேட்டா’ என்றாலே லத்தீனில் ‘காதுள்ளது’ என்றுதான் அர்த்தம். காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள் இருக்கும். சாயங்காலம் ஆனால் அவை மடங்கித் தூங்கும்.

நம்ம முன்னோருக்கும் இது தெரிந்த பூதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஆவிரை இருக்கிறது. சங்க காலத்தில் காதல் கைகூடாத பையன் பனை மடலில் குதிரை செய்து தெருவில் ஏறி வருவானாம், கழுத்தில் ஆவிரைப் பூ மாலையோடு. (இதை யாரும் காலேஜில் செய்து பார்க்க வேண்டாம்!) நம்ம ஊர்த் தெலுங்கு வீடுகளில் இதையே தங்கேடு என்பார்கள். தெலங்கானா 2014இல் தனி மாநிலமானதும் மாநில மலராகத் தேர்ந்தெடுத்தது இந்தத் தங்கேடுப் பூவைத்தான். பதுக்கம்மா பண்டிகையில் அங்கே இதைத்தான் அடுக்கடுக்காக வைத்துக் கும்பிடுகிறார்கள்.

விதையிலிருந்து பூ வரை

நர்சரியில் தேட வேண்டாம். மழைக்குப் பிறகு பூத்த செடிகளில் தை முடிந்து மாசி, பங்குனியில் காய் காய்ந்து தொங்கும். தட்டையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக, விரல் நீளம் இருக்கும். பழுப்பு நிறமாகி ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தால் பறிக்கலாம். ஒரு காயில் பத்துப் பன்னிரண்டு விதைக்குக் குறையாது.

இந்த விதையை அப்படியே மண்ணில் போட்டால் சில முளைக்கும், பல முளைக்காது. விதை செத்துப்போச்சு என்று நினைக்காதீர்கள். அதன் தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. முதல் மழைக்கே எல்லா விதையும் முளைத்து, பின்னால் மழை பொய்த்தால் வம்சமே அழிந்துவிடும். அதனால் இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் கொஞ்சம், மிச்சம் அதற்கடுத்த வருஷம். எல்லா பேப்பரையும் ஒரே செமஸ்டரில் முடிக்காமல் அரியர் வைத்து வைத்துப் பாஸ் பண்ணுகிற நம்ம பசங்களைப் போல! வறட்சியை ஆவாரை ஜெயிப்பதற்கு ஆழமாக இறங்குகிற ஆணிவேர் பாதிக் காரணம் என்றால், இந்த அரியர் விதை மீதிக் காரணம்.

நமக்கு அவசரம் என்றால் இரண்டு வழி. பர்னிச்சரைத் தேய்க்கிற உப்புத்தாள் ஒரு துண்டு எடுத்து, விதையின் ஒரு பக்கத்தை நாலு தேய் தேய்க்கலாம். உள்ளே வெள்ளையாகத் தெரிவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணியை அடுப்பிலிருந்து இறக்கி, விதையை அதில் போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடலாம். அடுப்பின் மேலேயே வைத்து வேகவைத்தால் சுண்டல்தான் கிடைக்கும். காலையில் உப்பியிருக்கும் விதைகளை மட்டும் எடுத்து விதைக்கவும். உப்பாததற்கு மறுபடி ஒரு வெந்நீர். நர்சரிகளில் கந்தக அமிலத்தில் போட்டும் எடுப்பார்கள். அந்த வேலை வீட்டில் வேண்டாம், லேப் அசிஸ்டெண்டையும் நச்சரிக்க வேண்டாம்.

விதைக்கிற காலம் ஆடியிலிருந்து ஐப்பசிக்குள். பால் கவரில் அடியில் நாலு ஓட்டை போட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் விதை போடுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். ஆணிவேர் சீக்கிரமாக நீளும் என்பதால் கவரிலேயே ரொம்ப நாள் வைத்திருக்கக் கூடாது. சாண் உயரம் வந்ததும் மண்கட்டி உடையாமல் நிலத்துக்கு மாற்றிவிட வேண்டும். நேராக நிலத்திலேயே விதைப்பது இன்னும் நல்லது. இடம் எப்படி இருக்க வேண்டும்? நாள் முழுக்க வெயில் அடிக்கிற இடம், தண்ணி தேங்காத இடம். மேட்டுப் பக்கம், சுவர் ஓரம், கட்டட இடிபாடு கொட்டின மண்கூடப் பரவாயில்லை. செடிக்குச் செடி ஐந்தடி விடுங்கள். ஆம்பூர் சந்துகளில் மண்ணே இல்லாத வீடு என்றால் பழைய பெரிய பெயின்ட் டப்பா அல்லது பாதியாக அறுத்த டிரம் எடுத்து, அடியில் ஓட்டை போட்டு மாடியில் வைக்கலாம். குட்டையாக நிற்கும், ஆனாலும் பூக்கும்.

உரம் வேண்டாம். அவரைக் குடும்பம்தானே, காற்றிலிருந்து நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. சென்னா வகைச் செடிகளின் வேரில் அந்த முடிச்சுகள் பொதுவாக உண்டாவதில்லை. ஆனால் ஆவாரை இலையை வெட்டி வயலில் தழையுரமாக மிதிக்கிற வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. வெட்டிய கிளையைத் தென்னை மரத்தடியில் போட்டால் வீணாகாது.

இப்போது தண்ணி விஷயம். முதல் கோடை மட்டும் வாரம் ஒரு முறை ஒரு குடம். அதற்கப்புறம் நீங்கள் மறந்துபோனாலும் அது கோபித்துக்கொள்ளாது. தினமும் ஊற்றினால்தான் ஆபத்து, வேர் அழுகும். உங்கள் போர் தண்ணி காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்துக்கொள்கிறதென்றால் முதல் வருஷமாவது மழைத் தண்ணியையோ அரிசி கழுவின தண்ணியையோ கொடுங்கள். பிஞ்சுச் செடிக்கு உப்பு கெடுதல். வளர்ந்த செடி கொஞ்சம் தாங்கும். ஆனால் ‘ஆவாரை நட்டால் மண்ணிலுள்ள உப்பையும் குரோமியத்தையும் உறிஞ்சி நிலத்தைச் சுத்தமாக்கிவிடும்’ என்று யாராவது அளந்துவிட்டால் நம்பாதீர்கள். அப்படி ஒரு மந்திரம் கிடையாது.

இரண்டாம் வருஷம் பூ நிச்சயம், சில செடி முதல் வருஷமே பூக்கும். விட்டால் ஆள் உயரம் தாண்டிக் கண்டபடி படரும். காய் முற்றிய பிறகு வருஷத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குப் புதர் மாதிரி அடர்ந்து வரும். அந்தக் காலத்தில் பட்டைக்காக வெட்டினபோதும் அடியிலிருந்து இப்படித்தான் திரும்பத் துளிர்த்தது.

வெட்டுவதற்கு முன்பே கீழே விழுந்த விதைகள் என்ன செய்யும்? அடுத்த மழைக்குத் தாய்ச் செடியைச் சுற்றிக் கும்பலாகக் குஞ்சு முளைக்கும். நாம் ஒன்று வைத்தால் மூன்றாம் வருஷம் இருபது. இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பிடுங்கிவிட வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பிடுங்குகிறதென்றால் நாலு இலை இருக்கும்போதே பிடுங்குங்கள். ஒரு முழம் வளர்ந்த பிறகு ஆணிவேர் கடப்பாரை கேட்கும்.

பூவுக்கு வருகிற விருந்தாளிகள்

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான் சம்பளம். அந்த மகரந்தப் பையும் மற்ற பூக்களைப் போல நீளவாக்கில் பிளந்துகொள்ளாது. உப்பு டப்பா மாதிரி நுனியில் சின்னத் துளைதான். மரத்தைக் குடையும் அந்தப் பெரிய கருவண்டு வரும். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அடிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். ‘ஜ்ஜ்ஜ்’ என்று ஒரு சத்தம், துளை வழியாக மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். சிவில் மாணவர்களுக்குக் கான்கிரீட் வைப்ரேட்டர் ஞாபகம் வரலாம். காலை எட்டு மணி வாக்கில் செடி பக்கத்தில் நின்றால் காதாலேயே கேட்கலாம்.

இன்னொரு விருந்தாளி வெளிர்பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி. அது ஆவாரை இலையில் முட்டை வைக்கும். பச்சைப் புழுக்கள் இலையைத் தின்றுகொண்டிருக்கும். மருந்து தெளிக்க ஓடாதீர்கள். வளர்ந்த செடி அதையும் தாங்கித் திரும்பத் துளிர்க்கும்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை டீத்தூள் பாக்கெட்டில்கூடப் போட்டு விற்கிறார்கள். எலிகளில் செய்த ஆராய்ச்சிகளில் ரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. அதை வைத்துக்கொண்டு அப்பாவின் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூக் கஷாயம் கொடுப்பது பெரிய ஆபத்து. இதை ரணவரா என்று சொல்லித் தேநீராகக் குடிக்கிற இலங்கையில், 1981இல் வெளியான ஓர் ஆய்வு கல்லீரலைப் பாதிக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் உள்ள மூலிகைகளில் இதையும் சேர்த்தது. எப்போதாவது ஒரு டம்ளர் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது, தினமும் மருந்தாகக் குடிப்பது டாக்டரிடம் கேட்டுத்தான். தோல் கழிவு ஓடின நிலத்துச் செடியின் பூவை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். குளியல் பொடிக்கும் மாட்டுப்பொங்கல் மாலைக்கும் வீட்டுச் செடியின் பூ தாராளமாகப் போதும்.

விதை வேண்டுகிறவர்கள் என்னைக் கேட்கலாம், ஆளுக்குப் பத்து விதை காகிதப் பொட்டலத்தில் கட்டித் தருகிறேன். நீங்களே பறித்தால் பங்குனி கடைசிக்குள் பறித்துவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் பயறு வண்டின் இனத்து வண்டு ஒன்று முந்திக்கொள்ளும். விதையில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தால் உள்ளே காலி, தூக்கிப் போட்டுவிடலாம். சந்தேகமாக இருந்தால் தண்ணியில் போட்டுப் பாருங்கள், மிதப்பதை விட்டுவிட்டு மூழ்குவதை எடுத்துக்கொள்ளுங்கள்.